கொரோனிதாவும் இன்காவும் ஒரு பால்வண்டியும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக ஆரம்பிக்கவில்லை. ஒரு தகரப் பலகைக்காக ஆரம்பித்தது.

யாக்குபாம்பா மலைப்பாதையில், ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில், இரண்டு ரீங்காரச் சிட்டுகளை ஒப்பிட்டு ஒரு பலகை வைக்க வேண்டுமாம். தலைநகர் கித்தோவிலிருந்து தொக்தோரா ஹிமேனா, பறவை ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா, வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தார். அவருக்காக நான்கு வருடமாக வேலியோரம் உட்கார்ந்து சிட்டுகளை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறவள் நான். பெயர் லிபியா. வயதை எழுத மாட்டேன். கதைக்கு அவசியமென்றால் ஐம்பதுக்குப் பக்கத்தில் ஒன்றை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

"லிபியா, நடுவுல ஒரு கோடு. இடது பக்கம் கொரோனிதா, வலது பக்கம் இன்கா. ஆறே ஆறு வரி. அதுங்களை உன்னைவிட யாரும் அதிகமா பார்த்ததில்ல, அதனால நீயே எழுது. ஒண்ணே ஒண்ணு. வர்ணனை வேண்டாம். பலகையில இடம் கிடையாது."

வர்ணிக்காமல் எழுதிப் பார்த்தேன். முதல் வரி, நிறம். கொரோனிதா: பச்சை, வால் சந்தன நிறம். இன்கா: கறுப்பு, மார்பு வெள்ளை. [வெள்ளை என்று மட்டும் எழுதினால் அந்த வெள்ளையைப் பார்க்காதவர்களுக்கு என்ன புரியும் என்று கேட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை.] இரண்டாவது வரி, அலகு. அதையும் எழுதிவிட்டேன்.

மூன்றாவது வரி, இரை தேடும் விதம். கொரோனிதாவுக்கு எழுதினேன்: ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருக்கும், வேறு யார் வந்தாலும் விரட்டும். இன்காவுக்கு எழுதினேன்: தினமும் ஒரே வழியில் போகும், வழியிலுள்ள ஒவ்வொரு பூவிலும் கொஞ்சம் நிற்கும், அடுத்ததற்குப் போகும், எந்தப் பூவையும் தன்னுடையது என்று சொல்லாது.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். வலது பக்கத்தில் இருந்தது இன்கா இல்லை. ஒல்மெதோவின் பால்வண்டி. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

2

கதை என்று ஆன பிறகு ஆரம்பம் வேண்டும். மூன்று எழுதினேன்.

"மூடுபனி மலையை விட்டு இறங்கும் வேளையில்—" இதை அடித்துவிட்டேன். எங்கள் மலையைப் பற்றி வாயைத் திறக்கிற எல்லோரும் மூடுபனியில்தான் திறக்கிறார்கள். இங்கே துணி காயப்போடுகிறவளுக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம் கிடையாது.

"ஒல்மெதோ என்ற நல்ல மனிதர் ஒருவர்—" இதையும் அடித்துவிட்டேன். நல்ல மனிதர் என்று ஆரம்பித்தால் அடுத்த பக்கத்தில் அவரைச் சாகடிக்க வேண்டியிருக்கும்.

"தினமும் காலை ஆறு இருபதுக்கு என் வாசலில் ஒரு பால்வண்டி நிற்கும்." இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

ஒல்மெதோ கீழே நகரத்துப் பால் பண்ணைக்காக இருபத்துமூன்று வாசல்களில் பால் எடுக்கிறார். அவருடைய வண்டி நீல நிறம், பழையது, செல்ஃப் எடுக்காது. ஒருமுறை அணைத்துவிட்டால் பிறகு பத்துப் பேர் தள்ள வேண்டும். அதனால் வாசலில் நிற்கும்போது இன்ஜினை அணைக்கவே மாட்டார். அந்த இரைச்சலில் பேசினால் ஒன்றும் கேட்காது. ஆகவே இந்தத் தடத்தில் எல்லோரும் அவரோடு சைகையில்தான் பேசுவார்கள். விரல்கள் லிட்டர் கணக்கு. உள்ளங்கையைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்தால் நாளைக்குப் பால் இல்லை. கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்தால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. இரண்டு கைகளையும் தலைக்குமேல் கொம்பு மாதிரி வைத்தால் பசு கன்று போட்டிருக்கிறது. இப்படி ஒருவர் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் இருபத்திரண்டு குடும்பங்களின் நல்லது கெட்டது அத்தனையும் அவருக்குத் தெரியும்.

இருபத்துமூன்றாவது வாசல் என்னுடையது. சிலுவை நட்ட முச்சந்தியிலிருந்து அரைக் கிலோமீட்டர் மேலே ஏற வேண்டும். ஏறி வந்து, வண்டியைத் திருப்பி நிறுத்தி, ஒல்மெதோ இன்ஜினை அணைப்பார்.

அணைப்பார் என்று எழுதிவிட்டு இன்னொரு முறை படித்துப் பார்க்கிறேன். இருபத்திரண்டு வாசலில் அணைக்காத வண்டி என் வாசலில் அணைகிறது. பத்து நிமிடம். என் குழாயில் தண்ணீர் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுவார். எலுமிச்சைப்புல் போட்டுக் காய்ச்சிய வெல்லத் தண்ணீரை நான் ஒரு குவளையில் கொடுப்பேன். அவர் வேலியில் சாய்ந்துகொண்டு குடிப்பார். நாங்கள் வாயால் பேசுவோம். மூன்று வருடமாக என் நாள் என்பது அந்தப் பத்து நிமிடம்தான். மிச்ச நேரத்தில் சிட்டுகளை எண்ணுகிறேன்.

[ஒரு திருத்தம். முதல் பிரதியில் நான் தினமும் ஆறு லிட்டர் பால் ஊற்றுவதாக எழுதியிருந்தேன். நாலுதான். என் பசு பலோமாவுக்கு வயதாகிவிட்டது. மற்றவர்கள் முப்பது, நாற்பது என்று ஊற்றும் தடத்தில் நாலு லிட்டருக்காக ஒரு லாரி அந்த ஏற்றத்தில் ஏறி வருகிறது என்றால், அதற்கு என்ன அர்த்தம் இருக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள். அவசரப்படாமல் சொல்லுங்கள்.]

3

தொக்தோராவுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. கொஞ்சம் பறவைகளைப் பார்த்துவிட்டு வருவோம்.

கொரோனிதாவிடம் ஒரு பழக்கம் உண்டு. கிளையில் வந்து உட்கார்ந்ததும் இறக்கைகளை மடக்காது. இரண்டையும் மேலே தூக்கியபடி ஒரு கணம் வைத்திருக்கும். இறக்கையின் அடிப்பக்கத்து இலவங்கப்பட்டை நிறம் அப்போதுதான் தெரியும். உட்கார்வதா, திரும்பப் பறப்பதா என்று இன்னும் முடிவு செய்யாததைப் போல இருக்கும். [இது வர்ணனை. பலகையில் வராது.] பிறகு மடக்கிக்கொண்டு, அதே கிளையில், மூக்குக்கு நேராக, தன் கொய்யாக்காய் அளவு ராஜ்யத்தை முறைத்துக்கொண்டு இருக்கும். நீளக் காய் காய்க்கும் என் குவாபா மரத்துக் கொரோனிதா நான் துணி எடுக்கப் போனால் என்னையே விரட்டும்.

இன்கா அப்படி இல்லை. வாசலோரம் என் ஃபூசியாச் செடிக்கு வரும். தொங்கும் ஒவ்வொரு பூவுக்கும் கீழே அந்தரத்தில் நின்று குடிக்கும். வெள்ளை மார்பு மட்டும்தான் புதருக்குள் தெரியும். கொரோனிதா பாய்ந்தால் சண்டைக்கு நிற்காது, போய்விடும். ஆனால் முக்கால் மணி நேரத்தில் திரும்ப வரும். இது பதினான்கு மாதம் நடந்தது. நோட்டில் ஒவ்வொரு முறையும் "அதே இன்கா" என்று எழுதினேன். அதற்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தேன். அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன், நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

சென்ற ஆகஸ்டில் தொக்தோரா வலையோடு வந்தார். ஃபூசியாவுக்கு வரும் இன்காவைப் பிடித்து, உச்சந்தலையில் ஒரு சொட்டு மஞ்சள் சாயம் வைத்து விட்டார். முக்கால் மணி நேரம் கழித்து இன்கா வந்தது. தலையில் சாயம் இல்லை. அதைப் பிடித்துச் சிவப்பு வைத்தார். அடுத்ததற்கு நீலம். மூன்றாம் நாள் முடிவில் ஏழு நிறம்.

"ஏழு பேரு லிபியா. ஆளுக்கொரு தடம் வச்சிருக்கானுங்க, எல்லாத் தடமும் உன் செடி வழியா போகுது. நல்ல செடி. தேன் நிறைய ஊறுது."

"அப்ப என் நோட்டு?"

"'அதே'ங்கற வார்த்தையை மட்டும் அடிச்சிரு. மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு."

பதினான்கு மாத நோட்டில் "அதே" என்பதை அடித்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று எழுதினால் ஒரு சிட்டுக்காகவா என்பீர்கள். ஆமாம், ஒரு சிட்டுக்காகத்தான். ஒரு பூவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வருகிறதெல்லாம் தனக்காக வருவதாகத் தோன்றிவிடுகிறது.

நியாயமாக அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

4

இதுவரை எழுதியதை வியாழக்கிழமை ஹெர்மானியாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் என் ஞாஞா. அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். முச்சந்திச் சிலுவைக்குப் பக்கத்தில் வீடு. வீட்டுக்காரர் அங்கேயே வண்டி ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறார். பாத்திரங்களை உருவாக்குவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் ஹெர்மானியாவை யாரும் உருவாக்க வேண்டியதில்லை. கதவைத் தட்டாமல் தானாகவே உள்ளே வந்துவிடுவாள்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தாள். முதல் பக்கத்தில் சிரித்தாள். இரண்டாம் பக்கம் பாதியில் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏடி, இது நிஜமாவா எழுதியிருக்க?"

"எது ஞாஞா?"

"அணைக்கிறாரு, அணைக்கிறாருன்னு மாஞ்சு மாஞ்சு எழுதியிருக்கியே. ஏன் அணைக்கிறாருன்னு உனக்குத் தெரியாதா?"

"ஏன்?"

அவள் காகிதத்தைக் கீழே வைத்தாள். என் அக்கா கேலி செய்வதை நிறுத்தி நான் பார்ப்பது அபூர்வம்.

"வண்டி ஏத்தத்துல கொதிக்கும்டி. எங்கயாவது அணைச்சு ஆற விடணும். அணைச்சா செல்ஃப் எடுக்காது. சரிவுல மூக்கைக் கீழ வச்சு நிறுத்தினாத்தான் பிரேக்கை விட்டு உருட்டி, செகண்ட் கியர்ல போட்டு எடுக்கலாம். இருபத்துமூணு வாசல்ல சரிவு இருக்குற வாசல் எது?"

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

"உன் வாசல்தான். குழாயும் பக்கத்துல. ஊருக்கே தெரியும். உனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்."

"நாலு லிட்டருக்காக ஏறி வராரே."

"நாலு லிட்டரும் வேணாம்னாலும் ஏறி வருவாரு. சரிவுக்குத்தானே வராரு."

தினமும் அந்த வண்டி என் வாசலிலிருந்து உருண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். சத்தமே இல்லாமல் உருளும், வளைவில் ஒரு குலுங்கு குலுங்கி உறுமும். அது எனக்கு அழகாகத் தெரிந்தது. சந்தடியில்லாமல் விடைபெறுகிறார் என்று நினைத்திருந்தேன். நான்கு வருடம் சிட்டுகளைக் கவனித்த கண் இது.

"இன்னொண்ணும் கேட்டுக்க" என்றாள் ஹெர்மானியா. "சனிக்கிழமை வண்டி எங்க பட்டறைக்கு வருது. புது செல்ஃப், புது ரேடியேட்டர். ரெண்டு நாள் ஆகும். இனிமே எங்க வேணா அணைக்கலாம், எங்க வேணா எடுக்கலாம். கொதிக்கவும் கொதிக்காது."

"திங்கட்கிழமையிலிருந்தா?"

"திங்கட்கிழமையிலிருந்து."

ஹெர்மானியா குவாபா மரத்துக் கொரோனிதாவைப் பார்த்தாள். பிறகு அவள் எழுந்து போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அந்தக் கொரோனிதா நீதான், தெரியுதா? வேலியை விட்டு ஒரு அடி இறங்க மாட்ட. புருஷன் ஸ்பெயினுக்குத் தக்காளி பறிக்கப் போனான், நீ இறங்கல. அங்கயே வேற வீடு வச்சுட்டான், அப்பவும் இறங்கல. இப்ப ஒருத்தரு வாசல்லயே வந்து நிக்கிறாரு, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கல. அவரும் பொண்டாட்டி போயி ஆறு வருஷமா தனியாத்தான் இருக்காரு." வாசலில் நின்று திரும்பினாள். "கதையில என்னைக் கொஞ்சம் ஒல்லியா எழுதிக்க."

[எழுதியாகிவிட்டது. அவள் எவ்வளவு குண்டு என்று எங்கேயும் சொல்லவில்லை, கவனியுங்கள்.]

கதை எழுதுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். நடந்துகொண்டிருப்பதை எழுதிப் பிறரிடம் காட்டாதீர்கள். இந்தக் காகிதத்தை அவளிடம் கொடுக்காமல் இருந்திருந்தால் அடுத்த மூன்று நாட்கள் எனக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

5

வெள்ளிக்கிழமை. பழைய வண்டி அணைந்து நிற்கப்போகிற கடைசி நாள். இந்தக் காட்சியை இரண்டு விதமாக எழுதினேன். முதலாவது இது:

ஒல்மெதோ வேலியில் சாய்ந்தார். "லிபியா அம்மா, செல்ஃப் சரியானாலும் நான் இங்கேதான் அணைப்பேன்" என்றார். அவள் கண்கள்—

சே. அவர் இப்படிப் பேசுகிற ஆளே இல்லை. பேசியிருந்தால் நான் குவளையைக் கீழே போட்டிருப்பேன். முதல் பிரதியில் அவரைக் கொஞ்சம் உயரமாகவும் ஆக்கிவிட்டேன். உண்மையில் என் தோளுக்குத்தான் வருவார், குடித்து முடித்ததும் பல்லிடுக்கில் நாக்கை வைத்துச் சத்தம் எழுப்புவார், தொப்பியைக் கழற்றினால் நெற்றியில் கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டை நான் மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேண்டியிருப்பது அந்த மனிதர்தான், நான் எழுதிய உயரமானவர் இல்லை.

நடந்தது இதுதான்.

அவர் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். அணைத்தார். நாலு லிட்டரை வடிகட்டி ஊற்றிக்கொண்டார். தண்ணீர் பிடித்தார். நான் குவளையைக் கொடுத்தேன்.

"நாளைக்கும் நாளன்னிக்கும் வர மாட்டேன். வேற வண்டி வரும். ஆனா அது மேல ஏறாது, கீழ சிலுவைகிட்டதான் நிக்கும்."

"கேள்விப்பட்டேன். செல்ஃப் மாத்துறீங்களாமே."

"ஆமா. உங்க அக்கா வீட்டுக்காரரு ரெண்டு வருஷமா சொல்றாரு. இப்பதான் அமைஞ்சுது." குவளையை ஊதினார். "இனிமே சரிவைத் தேடிட்டுப் போக வேண்டியதில்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அந்தக் கறுப்புக் குருவி இன்னும் வருதா?" என்று கேட்டார். "வெள்ளை மாரு."

"வருது. அது ஒண்ணு இல்ல, ஏழு. தொக்தோரா சாயம் வச்சுப் பார்த்துட்டாங்க."

"ஏழா?" ஃபூசியாவைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சுது."

"எனக்கும்தான்."

வெல்லத் தண்ணீரை ஒரு வாய் குடித்தார். பிறகு தன் காதைத் தட்டிக்காட்டினார்.

"இங்க வந்து அணைச்சதும் இது கொஞ்ச நேரம் இரைஞ்சுகிட்டே இருக்கும். அது அடங்கினதுக்கு அப்புறம்தான் ஒவ்வொண்ணா கேக்கும். குழாய்ல தண்ணி சொட்டுறது. உங்க குருவிங்க இறக்கை. நீங்க உள்ள சட்டியை நகத்துறது. நாள் முழுக்க எனக்குக் கேக்குறது அவ்வளவுதான், மத்ததெல்லாம் வண்டிச் சத்தம்."

இதை நான் ஜோடிக்கவில்லை. ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. இதற்கு அர்த்தம் உண்டா, இல்லை காது இரைகிற மனிதர் காதைப் பற்றிப் பேசினாரா என்பது எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் கேட்டிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. திங்கட்கிழமை வருவீர்களா? அவ்வளவுதான். மூன்று வருடமாக வாயால் பேசும் வசதி இருந்த ஒரே வாசலில் நின்றுகொண்டு நான் கேட்டது இது:

"ரேடியேட்டரும் புதுசா?"

"புதுசுதான்" என்றார். குவளையை வேலிக் கம்பின்மேல் வைத்தார். ஏறி உட்கார்ந்து பிரேக்கை விட்டார். வண்டி சத்தமில்லாமல் உருண்டது. வளைவில் குலுங்கி உறுமியது.

கடைசி முறையாக, என்று எழுதி அடித்துவிட்டேன். எழுதினால் நடந்துவிடும் என்று பயமாக இருந்தது.

6

சனி, ஞாயிறு. மாற்று வண்டி சிலுவையில் நின்று ஹாரன் அடித்தது. நான் இறங்கவில்லை. இரண்டு நாள் பாலையும் சீஸ் ஆக்கிவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் ஹெர்மானியா வந்து அந்தச் சீஸில் பாதியை அவித்த சோளத்தோடு தின்றுகொண்டே மிச்சத்தைப் படித்தாள்.

"முடிவு எங்க?"

"இன்னும் நடக்கலையே."

"நடக்கணுமா என்ன? நீதானே எழுதுற. வந்தாரு, அணைச்சாரு, கல்யாணம். முடிச்சிரு. நான் ஆட்டம் போட்டாச்சுன்னு வச்சுக்க."

"வரலைன்னா?"

"வரலைன்னா வண்டியைப் பள்ளத்துல உருட்டிவிட்டுரு. எழுதுறவ கையிலதானே இருக்கு."

"ஞாஞா, உன் வீட்டுக்காரரை விட்டு அந்த செல்ஃபைக் கொஞ்சம் கெடுத்து வைக்கச் சொல்ல முடியாதா?"

கேட்டது நான்தான். விளையாட்டாகத்தான் கேட்டேன். முக்கால்வாசி விளையாட்டு. ஹெர்மானியா மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். அவள் கையில் சோள உப்பு.

"வேணாம்டி. அப்ப மறுபடியும் சரிவுக்குத்தானே வருவாரு."

சாயங்காலம் தொக்தோராவுக்குப் பலகையை அனுப்பினேன். ஐந்து வரி சரி. ஆறாவது வரி, உறங்கும் இடம். கொரோனிதா: தன் மரத்துக்கு அருகில். இன்கா: தெரியவில்லை. அந்த ஏழு பேரும் பொழுது சாய்ந்ததும் எங்கே போகிறார்கள் என்று யாரும் பார்த்ததில்லை.

"தெரியலைன்னே போட்டுரு" என்று பதில் வந்தது. "அதுவும் தகவல்தான். ஆமா, மூணாவது வரி ஏன் இவ்வளவு நீளமா இருக்கு?"

7

திங்கட்கிழமை. ஐந்து ஐம்பது. மேசையை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது நடப்பதை நடக்கும்போதே எழுதுகிறேன். அதனால் என்னைவிட உங்களுக்கு எதுவும் குறைவாகத் தெரிந்திருக்காது.

பலோமாவைக் கறந்தாகிவிட்டது. நாலு லிட்டர். வெல்லத் தண்ணீர் அடுப்பில் இருக்கிறது.

மூன்று முடிவுகள் இருக்கின்றன. வண்டி மேலே ஏறாமல் முச்சந்தியோடு போய்விடலாம். ஏறி வந்து, எல்லா வாசலிலும் செய்வதைப் போல இன்ஜின் ஓட ஓடப் பாலை வாங்கிக்கொண்டு, நாலு விரல் காட்டிவிட்டுப் போகலாம். அல்லது அணைக்கலாம். மூன்றாவதுதான் எனக்கு வேண்டும். இனிமேல் சரிவு காரணம் இல்லை, தண்ணீர் காரணம் இல்லை. அணைத்தால் அது எனக்காக. இந்த மலையில் இதைவிடப் பெரிதாக எனக்கு எதன்மேலும் ஆசை இருந்ததில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அடிக்கப்போவதில்லை.

ஆறு ஐந்து. குவாபாக் கொரோனிதா வந்து உட்கார்ந்தது. இறக்கைகளைத் தூக்கிப் பிடித்தது. மடக்கியது.

ஆறு பன்னிரண்டு. ஃபூசியாவுக்கு இன்கா. தலையில் சாயம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

ஆறு இருபது. ஒன்றும் இல்லை.

ஆறு இருபத்துமூன்று. கீழே எங்கேயோ ஒரு வண்டி. அவருடையதா என்று சொல்ல முடியவில்லை. செல்ஃப் மாற்றினால் சத்தமும் மாறுமா? ஹெர்மானியாவிடம் கேட்டிருக்கலாம்.

சிலுவைக்கு வந்துவிட்டது. அங்கே நிற்கிறது. நாற்பது லிட்டர்க்காரர்கள் வாசலாக இருக்கும். இன்னும் நிற்கிறது.

கியர் மாறுகிறது.

ஏறுகிறது. ஏறுகிறது என்று மட்டும் எழுதுகிறேன். பழக்கதோஷத்தில் ஏறலாம். கணக்கு நோட்டில் என் பெயர் இருப்பதால் ஏறலாம். நீலம் தெரிகிறது. வளைவு தாண்டிவிட்டது. வாசலில் திரும்புகிறது, மூக்கைக் கீழே பார்த்து, எப்போதும் போல.

நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது.

தொப்பியைக் கழற்றி மடியில் வைக்கிறார். நெற்றிக்கோடு தெரிகிறது. இன்ஜின் இன்னும் ஓடுகிறது. ஜன்னலைப் பார்க்கிறார். ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்கிறது, இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று இங்கிருந்து தெரியவில்லை. சாவியில் இருக்கலாம். கியரில் இருக்கலாம்.

இதற்குமேல் நான் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் பாலை யார் கொடுப்பது? பென்சிலைக் கீழே வைக்கப்போகிறேன். மேசையிலிருந்து வாசலுக்கு இருபத்தைந்து அடி. அதற்குள் அந்தச் சத்தம் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். காகிதம் இங்கேயே இருக்கிறது, நீங்களும் இங்கேயே இருங்கள், காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். முடிவு உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இந்தத் தடத்தில் எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. பாலுக்கு உண்டு, காய்ச்சலுக்கு உண்டு, கன்றுக்கு உண்டு. "இருங்கள்" என்பதற்கு மட்டும் கிடையாது. அவர் அணைத்தால் மெதுவாகச் சொல்வேன். அணைக்காவிட்டால், கீழே ஹெர்மானியா வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்திச் சொல்வேன்.